ஒரு கை நீரும் மூன்று மீறல்களும்

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படும். "எல்லோரும் ஒரு வகையில் சரிதான்" என்று மழுப்புகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வேண்டியது தீர்ப்பு.

ஐரோப்பாவில் ஊர் ஊராகக் கிறித்தவ சபை இரண்டுபட்டுக்கொண்டிருந்த காலம். ஜெர்மானிய நாட்டில் ஓர் ஆற்றங்கரை நகரம் சீர்திருத்தத்துக்கு மாறியது. எதிர்க்கரை பழைய கத்தோலிக்க சபையிலேயே நின்றது. மாறிய சூட்டில் நகர மன்றம் இரண்டு சட்டங்களைப் போட்டது. ஞானஸ்நானத்தை ஆலயத்தில் போதகர் மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டில் கொடுத்தவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற வேண்டும். ஒருவருக்கே இரண்டு முறை கொடுப்பதோ அதைவிடப் பெரிய குற்றம்.

முதல் சட்டம் மருத்துவச்சிகளைக் குறிவைத்தது. சாகும் நிலையில் பிறக்கும் சிசுவுக்கு மருத்துவச்சியே நீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது அங்கே தலைமுறைகளாக இருந்த வழக்கம். அது மூடத்தனம் என்று மன்றம் கண்டுபிடித்தது. மன்றத்தில் பிரசவ வலி கண்டவர் ஒருவரும் இல்லை என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

குதிரைச் சேணம் தைக்கும் யோஸ்ட் அந்த மன்றத்தின் உறுப்பினன். இரண்டு சட்டங்களையும் ஆதரித்தவன். அவன் மனைவி அப்பொலோனியா எதிர்க்கரைக்காரி. வாழ வந்தது இக்கரையில், நம்பியது அக்கரையை. அவளுடைய தலைப்பிள்ளை ஞானஸ்நானம் பெறாமலே இறந்தது. அப்படி இறந்த குழந்தை கடவுளின் முகத்தைக் காணாது என்று அவளுக்குக் கற்பித்திருந்தார்கள். அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறதோ என்ற நினைப்பு அவளை உறங்க விடவில்லை. இரண்டாம் பிரசவம் நெருங்கியபோது, மருத்துவச்சி வெரேனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும். சத்தியம் செய்யுங்கள்."

"ஊற்றினால் என்னைத் துரத்துவார்கள், அம்மா."

"தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்."

வெரேனா பெருமூச்சு விட்டாள். "சரி. பிழைக்காது என்று தெரிந்தால் ஊற்றுகிறேன். சத்தியம்."

பெண் குழந்தை பிறந்தது. உடல் நீலம் பாரித்திருந்தது, மூச்சு இல்லை. வெரேனா அதன் வாயில் வாய் வைத்து ஊதத் தொடங்கினாள்.

"தண்ணீர், அக்கா! சத்தியம் செய்தீர்களே!" என்று அப்பொலோனியா கதறினாள்.

வெரேனா நிமிரவில்லை. நிமிர்ந்து ஞானஸ்நான வசனத்தைச் சொல்ல வேண்டுமானால் ஊதுவதை நிறுத்தியாக வேண்டும்.

கதவுக்கு வெளியே நின்றிருந்த யோஸ்ட் உள்ளே ஓடிவந்தான். கிண்ணத்து நீரை அள்ளிக் குழந்தையின் தலையில் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுத்தான். வெரேனா ஊதிக்கொண்டே இருந்தாள். குழந்தை ஒரு முறை இருமியது. பிறகு சுவர் அதிரக் கத்தியது.

வெரேனா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "மன்றத்தாரே, உங்களை எந்தக் கோட்டை வாசல் வழியாகத் துரத்தட்டும்? கிழக்கா, மேற்கா?"

"எந்த வாசலாக இருந்தால் என்ன? அது கத்துகிறதே, கேட்டீர்களா!" என்றான் யோஸ்ட். அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

அப்பொலோனியா எழுந்து நடமாடத் தொடங்கியதும் வெரேனாவையும் கூட்டிக்கொண்டு குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்ற விசாரணை வரும். சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைப் போதகர் லியன்ஹார்ட் மன்றத்தார் முன்னிலையில் கேட்டார்: "இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே யாரேனும் ஞானஸ்நானம் கொடுத்தார்களா?"

யோஸ்ட் வாயைத் திறந்தான். அவனுக்குப் பொய் வராது. ஆம் என்றால் அவன், மனைவி, குழந்தை மூவரும் வீடு வாசலின்றி நாடோடிகளாக வேண்டியதுதான்.

"இல்லை, ஐயா" என்று அப்பொலோனியா முந்திக்கொண்டாள். அந்த நீருக்காகச் சத்தியம் வாங்கிக் கதறியவள், அது ஊற்றப்படவே இல்லை என்றாள்.

போதகர் யோஸ்டின் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அவர் இளமையில் பழைய சபையின் குருவாக இருந்தவர். ஏற்கெனவே பெற்றதோ என்று ஐயம் எழும் குழந்தைக்கு அந்தச் சபையில் ஒரு வழிமுறை உண்டு. "நீ இதுவரை பெறவில்லை என்றால்" என்று சொல்லிவிட்டுக் கொடுப்பார்கள். பெற்றிருந்தால் இது இரண்டாவதாகாது. சீர்திருத்தத்தோடு தாம் துறந்துவிட்ட அந்த முறையைப் போதகர் பெற்றோருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லி, நீரை ஊற்றினார். மன்றத்தார் அவரவர் இருமலில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆலயத்துக்கு வெளியே வந்ததும் மூவருக்கும் வாக்குவாதம்.

"உன்னிடம் செய்த சத்தியத்தை மீறியவள் நான்" என்றாள் வெரேனா.

"நானே போட்ட சட்டத்தை நானே மீறினேன்" என்றான் யோஸ்ட்.

"போங்கள் இருவரும்! ஆலயத்தில் நின்று பொய் சொன்னவள் நான்" என்றாள் அப்பொலோனியா. ஆனாலும் அவள் முகத்தில் நெடுநாள் இல்லாத சிரிப்பு இருந்தது.

மீறினோம் என்று மூவரும் சொல்கிறார்கள். உண்மையில் எதையுமே மீறாதவர் இம்மூவரில் யார்?

விடை: வெரேனா. பிழைக்காது என்று தெரிந்தால் ஊற்றுவதாகத்தான் அவள் சத்தியம் செய்தாள். அப்படித் தெரிந்ததாக அவள் ஒரு கணமும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பொலோனியா சொன்னது பொய்தான். ஆனால் ஒரு தாயிடம் கேட்கக் கூடாத கேள்விக்குச் சொன்ன பொய். அதற்கு நான் அவளிடம் கணக்குக் கேட்க மாட்டேன். யோஸ்ட் செய்ததும் நல்ல காரியமே. ஆயினும் மன்னிப்புக் கேட்கும் கடமை அவன் ஒருவனுக்கு உண்டு. அவன் ஆதரித்த சட்டத்துக்கு அஞ்சி நீர் ஊற்றாமலே பிள்ளைகளைப் புதைத்த தாய்மார் அந்த ஊரில் இருந்தார்கள். நல்ல வேளையாக, அது அவனுக்கே உறைத்தது. மன்றம் அடுத்த முறை கூடியபோது, அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று எழுந்து நின்றான். காரணம் கேட்டால் தான் செய்ததைச் சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போகவும் தயாராக வந்திருந்தான். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. எதிர்ப்பார்கள் என்று அவன் அஞ்சிய கிழவர்களே அவனுக்கு ஆதரவாக முதலில் எழுந்தார்கள். அவர்களுக்கும் பேரக்குழந்தைகள் இருந்தார்கள்.