சந்தனப் பெட்டிக்குள் ஒரு சாட்சி

பூவாணிக்கோட்டை ராஜா கட்டாரி ராயருக்கு வாள் நேர், மீசை நேர், நடை நேர். பல் மட்டும் கோணல். முன்பல் ஒன்று சாத்தாத கதவு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வைத்தியர் மருந்தீசர் வந்து பார்த்தார். "தங்கக் கம்பி கட்டி முறுக்குகிறேன். இரண்டு வருஷத்தில் பல் வரிசைக்கு வந்துவிடும்."

"வலிக்குமா?" என்றார் ராஜா.

"கொஞ்சம்."

ராஜா யோசித்தார். அவர் சாப்பிடுமுன் இன்னொருவன் சாப்பிட்டுப் பார்ப்பது அந்த அரண்மனை வழக்கம். "அப்படியானால் முதலில் ஆவுடையப்பனுக்குக் கட்டும்."

ஆவுடையப்பன் சபையைச் சிரிக்க வைக்கிற உத்தியோகஸ்தர். வயது ஐம்பத்தைந்து. வாய்தான் பிழைப்பு. அந்த வாயிலேயே கம்பியைக் கட்டினார்கள். வலித்ததா என்று கேட்க வேண்டாம். ஒரு மாதம் முறுக்கைப் பார்த்தாலே மனுஷனுக்குக் கண் கலங்கியது. ஆள் சாகவில்லை என்று உறுதியான பிறகு ராஜாவும் கட்டிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பியைக் கழற்றினார்கள். இரண்டு வாயிலும் நாற்று நட்ட மாதிரி வரிசை.

மருந்தீசர் ஆளுக்கொரு சந்தனப் பெட்டி கொடுத்தார். உள்ளே அரக்கிலும் வெள்ளிக் கம்பியிலும் செய்த பல்காப்பு.

"பல்லுக்குப் பழைய இடத்து ஞாபகம் போகாது. பிடித்து வைக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ராத்திரி தவறாமல் இதைப் போட வேண்டும். காலையில் பச்சைத் தண்ணீரில் கழுவிப் பெட்டியில் வைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, அரக்கு கோணிவிடும். பெட்டியில் காற்றுக்குத் துளை விட்டிருக்கிறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"பல் இருக்கிற வரைக்கும்."

இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் சபையில் ராஜா "சேனாபதி!" என்று கூப்பிட்டார். பல் சந்தில் சீட்டி அடித்தது. வெளியே கட்டியிருந்த வேட்டைநாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்து, ராஜா காலடியில் வாலை ஆட்டியது.

ராஜா கண்ணாடி கேட்டார். முன்பல் பழையபடி வாசலுக்கு வந்து நின்றது.

"கூப்பிடு அந்த வைத்தியனை!"

மருந்தீசர் வந்தார். பார்த்தார். "மகாராஜா, பல்காப்பு போட்டீர்களா?"

"தினமும் போட்டேன். இந்த வாள் மேல் ஆணை! உன் வேலைதான் மட்டம். கம்பி முறுக்கிய கட்டைவிரலை நாளைக் காலையில் வெட்டுங்கள்!"

மருந்தீசர் ஆவுடையப்பனை ஓரமாக இழுத்தார். "ஐயா, போட்டிருந்தால் பல் நகராது. அதைச் சொன்னால் ராஜாவைப் பொய்யர் என்றதாகும், நாக்கு போகும். சொல்லாவிட்டால் விரல் போகும். உம்ம பல் நேராகத்தானே இருக்கிறது? அதைக் காட்டி நீராவது பேசும்."

ஆவுடையப்பன் மீசையைத் தடவினார். ஆறு மாதமாகத்தான் அந்த மீசை வாயை மூடித் தொங்குகிறது.

"இது பல்லைக் காட்டி ஆகிற காரியமில்லை, வைத்தியரே" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

"மகாராஜா, தண்டனைக்கு முன்னால் அந்தப் பெட்டியையும் விசாரிக்கலாம். வைத்தியர்மேல்தான் குற்றம் என்று பெட்டி சொன்னால், என் விரலையும் சேர்த்து வெட்டுங்கள்."

"உன் விரலா? அது வெற்றிலை மடிப்பதைத் தவிர என்ன கிழித்தது?"

"அதனால்தான் தைரியமாகப் பந்தயம் வைக்கிறேன். நேற்று ராத்திரியும் போட்டீர்களா, மகாராஜா?"

"போட்டேன்."

"முந்தாநாள்?"

"போட்டேன் என்கிறேனே!"

"காலையில் கழற்றி, இதே பெட்டியில்தானே வைத்தீர்கள்?"

"பின்னே உன் தலையிலா வைப்பேன்?"

காவலன் பெட்டியைக் கொண்டுவந்தான். மேலே படிந்திருந்த தூசியை ஊதினான். ராஜா அவனை முறைத்தார்.

ஆவுடையப்பன் திறந்தார். பல்காப்பு கண்ணில் படவில்லை. பெட்டி முழுக்க வலை. நடுவில் ஒரு பெரிய சிலந்தி, பேரன் பேத்தி எடுத்த தோரணையில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் குஞ்சுகள்.

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று.

ஆவுடையப்பன் பெட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"யாரைக் கும்பிடுகிறாய்?"

"இந்த அம்மாளைத்தான். மகாராஜா வாக்குப் பொய்க்காது. தினமும் போட்டீர்கள். அப்படியானால் இந்த அம்மாள் ஒவ்வொரு ராத்திரியும் குடும்பத்தோடு மகாராஜா வாயில்தான் படுத்திருக்கிறாள். விடிந்ததும் பெட்டிக்குத் திரும்பியிருக்கிறாள். இவ்வளவு பெரிய இடத்தில் குடியிருந்தவளை நான் கும்பிடாமல் இருக்கலாமா?"

ராஜா நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். முகம் கோணிற்று. துப்புவதற்குப் படிக்கம் கேட்டார். துப்பினார். மறுபடியும் துப்பினார்.

"போடவில்லையடா" என்றார் மெதுவாக. "நாலு நாள் போட்டேன். அப்புறம் நாளைக்கு, நாளைக்கு என்று..."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வெடித்தது. சிரிப்போடு சீட்டியும் வந்தது. நாய் எழுந்து மறுபடி வாலை ஆட்டியது.

மருந்தீசருக்கு விரல் மிஞ்சியது. அதில் போட ஒரு மோதிரமும் கிடைத்தது.

"அதுசரி, ஆவுடையப்பா" என்றார் ராஜா. "பெட்டியைத் திறக்குமுன்பே உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "என் பெட்டியில் பல்லி முட்டை போட்டிருக்கிறது, மகாராஜா."

"மீசையைத் தூக்கு."

தூக்கினார். முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

"மருந்தீசரே! இரண்டு பேருக்கும் மறுபடி கம்பி கட்டும். வழக்கப்படி முதலில் இவனுக்கு. ஆவுடையப்பா, போய் அந்தப் பெட்டியைக் கழுவி வை. இன்றைக்கே!"

ஆவுடையப்பன் கைகூப்பினார்.

"கழுவிவிடுகிறேன், மகாராஜா. முட்டை மட்டும் பொரிந்துவிடட்டும். நாளையிலிருந்து கட்டாயம்."