வாய்க்கால் பாலத்துக்கு ஒரு பக்கம்

ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதைக் கடக்கக் குறுக்கே கிடத்திய ஒற்றைத் தென்னைமரம். போன ஐப்பசி மழையில் இரண்டு பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். ஆட்கள் குதித்துத் தூக்கினார்கள்.

பாலம் கேட்டு இரண்டு முறை கலெக்டருக்கு மனு கொடுத்தார் திருமேனி. பதில் இல்லை. அடுத்த மழைக்கு இரண்டு மாதமே இருந்தது.

மூன்றாவது மனுவோடு மரியசெல்வியிடம் போனார். மனு எழுதக் கற்றுக்கொடுப்பவர் அவர். திருமேனி ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். மரியசெல்விக்கு அப்பா வயது. ஆனாலும் “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

“வாசியுங்கள், ஐயா. நான் டீ குடித்துக்கொண்டே கேட்கிறேன்.”

வாய்க்கால் வெட்டிய காலத்திலிருந்து தொடங்கினார் திருமேனி. மூன்றாம் பக்கத்தைத் திருப்பும்போது மரியசெல்வி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

“டீ தீர்ந்துவிட்டது. பாலம் இன்னும் வரவில்லையே?”

“ஏழாம் பக்கத்தில் வருகிறது, டீச்சர்.”

“கலெக்டர் அவ்வளவு டீ குடிப்பாரா?”

மறுநாள் காலையிலேயே ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரியிலேயே பாலம் இருந்தது. அடுத்த வரியில், ‘நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தினமும் கடக்கிறார்கள்’ என்று இருந்தது.

“எண்ணினீர்களா, ஐயா?”

“இல்லை. ஒரு கனத்துக்காகப் போட்டேன். எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?”

“வாருங்கள், எண்ணிப் பார்ப்போம்,” என்றார் மரியசெல்வி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

காலை எட்டரைக்கு இருவரும் கரையில் நின்றார்கள். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக மரத்தில் நடந்தார்கள்.

“என்ன தாத்தா, ஆடு எண்ணுறீங்களா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசியாக வந்தவள் திருமேனியின் பேத்தி தமயந்தி. அவள் நடக்கவில்லை. மரத்தில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து அக்கரை சேர்ந்தாள்.

“இருபத்து மூன்று,” என்றார் திருமேனி. குரல் இறங்கிவிட்டது. “இவ்வளவுதானா?”

“தமயந்தி எப்படிப் போனாள்?”

“உட்கார்ந்துகொண்டு.”

“அதையும் எழுதுங்கள்.”

திருமேனி பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். பிறகு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சின்னதாகத் தெரிகிறதே, டீச்சர். கலெக்டர் நம்புவாரா?”

“கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள், ஐயா. ‘காலை எட்டரைக்கு வந்தால் நீங்களும் எண்ணலாம்.’”