தேனாயியின் கையும் மைனாவும்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சிலம்பாயி என்றொருத்தி இருந்தாள். ஒரு ஐப்பசியில் வெள்ளம் வந்து ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. அவள் தங்கை தேனாயியும் அதோடு போனாள். மிஞ்சியது களஞ்சியத்தின் ஒற்றைச் சுவர். அதன் சுண்ணாம்பு ஈரமாக இருந்தபோது தேனாயி விளையாட்டாகப் பதித்த கை, ஐந்து விரலும் அழியாமல் அப்படியே இருந்தது.

சிலம்பாயி தினமும் வந்து அந்தக் கையைத் துடைப்பாள். துடைத்துத் திரும்புவதற்குள், சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் மைனா சரியாக அதன்மேலேயே கழித்துவிடும்.

“உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?”

“ஆலம்பழம் தின்றேன், அக்கா. வயிறு இடம் பார்த்தா இறங்கும்?”

விரட்டினாள், போய்விட்டுத் திரும்பி வந்தது. கல்லெறிந்தாள், சுவரில்தான் காரை பெயர்ந்தது. கெஞ்சியும் பார்த்தாள். “சரி அக்கா” என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் போட்டது. போதாக்குறைக்கு, அதில் கிடந்த விதை சுவர் வெடிப்பில் முளைத்தது. ஒன்றைப் பிடுங்கினால் எட்டு நாளில் இன்னொன்று. மூன்று மழைக்காலம் இந்தப் பாடுதான்.

ஒருநாள் சிலம்பாயி துணியை வீசி எறிந்தாள். “இனி என்னால் ஆகாது. நீயாயிற்று, உன் சுவராயிற்று. எக்கேடும் கெட்டுப் போ!” முளைத்திருந்த ஆலங்கன்றைப் பிடுங்காமலே நடந்துவிட்டாள்.

கன்று மரமாயிற்று. வேர்கள் சுவரை வளைத்துப் பிடித்தன. ஏழாம் வருடம் மறுபடியும் வெள்ளம் வந்தது. வடிந்தபின் ஓடிப் போய்ப் பார்த்தால் சுவரைக் காணோம். ஆல் மட்டும் நின்றது. அதன் வேர்ப்பிடிக்குள் ஒரு முழச் சுவர், அதில் தேனாயியின் கை. சிலம்பாயி அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு தேம்பினாள்.

பின்னாலேயே ஊர்த்தலைவர் வந்தார். “இரண்டு வெள்ளத்துக்கும் தப்பி நிற்கிறதே! என்னம்மா இது?”

அந்த நேரம் பார்த்து அவள் தோளில் சொத்தென்று ஏதோ விழுந்தது. நிமிர்ந்தாள். மைனா.

“எச்சம்!” என்று சீறினாள். அதுவரை பறவை போடுவதற்கு மட்டுமே அந்தப் பெயர்.

தலைவர் பயபக்தியோடு கும்பிட்டு, கூட வந்தவர்களிடம் திரும்பினார். “இதற்கு எச்சம் என்று பெயராம்.”

“ஐயோ, அதில்லை ஐயா, நான் சொன்னது...” என்று அவள் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அன்று முதல்தான், காலத்தின் வாயிலிருந்து தப்பிய பழம்பொருளுக்கும் பறவை போட்டுவிட்டுப் போவதற்கும் தமிழில் ஒரே பெயர் வழங்கி வருகிறது.