குற்றவாளியைத் தேடிப் போனவள்

ஆற்றில் குளிக்கும்போது, கரையோர மடத்துச் சாமியார் வேலப்பசாமியின் காலைக் கிளிஞ்சல் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் ஆறவில்லை. கால் வீங்கிக் கறுத்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி ஊசி போட்டுப் பார்த்தார்கள். எதற்கும் கேட்கவில்லை.

"இந்தக் கிருமிக்கு எல்லா மருந்தும் பழகிப்போச்சு. விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. மடத்துக்கே கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டர்.

மடத்துக்குத் திரும்பிய சாமியின் கால்மாட்டில் பரிமளம் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு மடத்தோடு வந்து சேர்ந்தவள். அவளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"சாமி, ஆயுசுல நீங்க ஒரு மாத்திரை முழுங்கினதில்லை. உங்க கிருமிக்கு மருந்து எப்படிப் பழகும்? யார் பழக்கினது?"

"ஆறு மேலேயிருந்துதானே வருது? போய்ப் பாரு. ஆள் கிடைச்சா கூட்டிக்கிட்டு வா."

மறுநாள் காலையில் கரையோடு மேல்நோக்கி நடந்தாள். முதலில் கோழிப் பண்ணை வந்தது. கொட்டகையைக் கழுவிய தண்ணீர் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. பண்ணைக்காரர் தீவனத்தில் மருந்துத் தூளைக் கலந்துகொண்டிருந்தார்.

"கோழிக்கு நோயா?"

"வராம இருக்கத்தான். ஒண்ணுக்கு வந்தா கொட்டகையே காலிம்மா."

அதற்கும் மேலே செங்கல் சூளை. அங்கே கக்கூஸ் கிடையாது. எல்லாரும் ஒதுங்குவது ஆற்றங்கரையில்தான். சூளையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளைக் காட்டினாள்.

"ரெண்டு போட்டதுமே காய்ச்சல் விட்டுருச்சுக்கா. மிச்சத்தைப் புள்ளைக்கு வச்சிருக்கேன். அவனுக்கு முடியலேன்னா வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா?"

பரிமளம் வந்த வழியே நடந்தாள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டாள்.

"யாரும் வரலையா?" என்றார் சாமி.

"யாரைக் கூட்டிட்டு வர, சாமி? ஆளுக்கொரு நியாயம் வச்சிருக்காங்க. எதையும் தள்ள முடியல."

புண்ணின் கட்டைப் பிரித்தாள். சீழ் நாறியது. புதுத் துணி சுற்றினாள். பழையதை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே போறே?"

"இதை அலசிட்டு வந்துடறேன்."

"எங்கே அலசுவே?"

கதவருகே போனவள் அப்படியே நின்றாள்.

"படித்துறையிலதான்... தினமும் அங்கேதானே சாமி."

சாமிக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை கண்ணை மூடியிருந்தார்.

"நமக்குக் கீழேயும் ஊர் இருக்கு, பரிமளம். அங்கேயிருந்து ஒருநாள் யாராவது தேடிக்கிட்டு வருவாங்க. வந்தா, உன் நியாயத்தைச் சொல்லு."