மஞ்சள் போட்ட ரேடியேட்டர்

ஆழியாற்று வாய்க்கால் கரையில் ஓடு வேய்ந்த ஒரு குடில் இருந்தது. அங்கே கேள்வி கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் பதிலையும் மடியில் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். தலையாட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நாச்சிமுத்துவும் அப்படித்தான் வந்தார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கார் முந்திக்கொண்டது. குடில் வாசலில் நிறுத்தியதுமே பானெட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

அவர் ஒரு கையில் மஞ்சள்தூள் டப்பாவும் மறு கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைப் பிடித்தார்.

"கையை எடுங்க!"

கத்தியது குடிலம்மா. இந்திராணி என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு, யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வயது ஐம்பது ஆகவில்லை. நாச்சிமுத்துவுக்கு எழுபது நெருங்குகிறது. தன்னைவிட இளையவளைப் போய்க் குரு என்கிறாரே என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. இந்தக் குடிலில் வந்து உட்காரும் முன்பு குடிலம்மா ஆம்புலன்ஸ் ஓட்டியவர். கத்தினால் இன்றைக்கும் ரோடு வழிவிடும்.

நாச்சிமுத்து வழிவிடவில்லை. மூடியைக் கால் திருகு திருகிவிட்டார். ஆவி உள்ளங்கையைப் பொசுக்கிவிட்டது.

குடிலம்மா அவரை இழுத்துப் போய் வாய்க்கால் தண்ணீரில் கையை முக்கிப் பிடித்தார்.

"கொஞ்சம் தண்ணி ஊத்துனா சரியாப் போயிருமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"கொதிக்கிறதைத் தொறந்தா மூஞ்சியிலதான் அடிக்கும்."

"அப்ப என்னங்க பண்றது?"

"ஆறட்டும். பக்கத்துல உக்காருங்க."

இருவரும் காருக்குப் பக்கத்தில் புளிய மரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். உள்ளங்கை காந்தியது. ஆனாலும் நாச்சிமுத்துவுக்கு அது நன்றாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"என்ன கேக்க வந்தீங்க?"

"என்ற மக என்கூட பேசுவாளான்னு கேக்க வந்தனுங்க."

கதை ஊருக்கே தெரியும். மகள் சுகந்தி வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர் ஆனைமலையில், கீழே. மனைவிக்கு நெஞ்சு அடைத்த அன்று மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. சுகந்தி நடந்தும் லாரி பிடித்தும் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நனைந்த சேலையோடு வாசலில் நின்றவளைப் பார்த்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், நாச்சிமுத்து ஒரு வார்த்தை சொன்னார். "நீ நேரத்துக்கு வந்திருந்தா உன்ற அம்மா இருந்திருப்பா." துக்கத்தில் வந்த வார்த்தைதான். அதைக் கேட்டவளுக்கும் துக்கம் இருந்தது. காரியம் முடிந்த அன்றே மலையேறியவள் அப்புறம் இறங்கவில்லை.

"நேர்ல போய்க் கேட்டீங்களா?"

"அதுக்குத்தானுங்க வருசா வருசம் கிளம்பறன். ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் போறன். வண்டி சூடாயிருது. திரும்பிர்றன். வண்டி மட்டும் நல்லா இருந்தா எப்பவோ போயிருப்பனுங்க."

"அப்ப வண்டியைப் பாப்போம்."

"நான் கேட்டது மகளைப் பத்தீங்களே."

"புது ரேடியேட்டர் வாங்கி வைங்க. ரெண்டு ரப்பர் ஓஸு, அதை இறுக்க கிளாம்ப்பு, கூலன்ட், பேட்டரிக்கு ஊத்துற தண்ணி. நாளைக்கு எஞ்சின் சில்லுனு இருக்கும்போது உங்க வீட்டுக்கு வர்றன்."

"மெக்கானிக்கிட்ட விட்டுட்டாப் போச்சுங்களே அம்மா."

"கேள்வி மெக்கானிக்கோடதா?"



மறுநாள் காலையில் குடிலம்மா வந்தபோது வீட்டுக்குள் நாலைந்து பேர் காரசாரமாகப் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சொந்தக்காரங்க வந்திருக்காங்களா?"

"இல்லீங்க. டிவி. சும்மா ஓடட்டும்னு போட்டு வெச்சிருக்கறன்."

பெரிய வீடு. கல்யாணம் நடத்தலாம் போன்ற கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் தேய்ந்திருந்தது. பால்காரரிடம் நாச்சிமுத்து நேற்றுச் சொன்ன செய்தியையே இன்றும் சொல்லி நிறுத்திவைப்பார். யாரும் கூப்பிடாத போனுக்கு ராத்திரிதோறும் தவறாமல் சார்ஜ் போடுவார். தனிமை அவருக்குப் பழகிவிட்டது என்று ஊர் நினைத்தது. பழகவில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாக வலித்தது.

"பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. அடியில தாம்பாளத்தை வைங்க."

"நானுங்களா?"

"பின்ன நானா மலையேறப் போறன்?"

அவர் வண்டிக்கு அடியில் குனிந்து வடிகால் திருகைத் தளர்த்தினார். தண்ணீர் வரும் என்று பார்த்தால் களிம்பு வந்தது. பழுத்த மஞ்சள் நிறத்தில், ரசத்தின் அடிவண்டல் மாதிரி.

"என்னங்க இது?"

"நீங்கதான் சொல்லணும்."

"ஒரு தடவை ஒழுகுச்சுங்க. மஞ்சத்தூளு போட்டா அடைச்சுக்கும்னு சொன்னாங்க. ரெண்டு கரண்டி போட்டன். நின்னுருச்சு. அப்பறம் வேற பக்கம் ஒழுகுச்சு. இன்னும் ரெண்டு கரண்டி."

"எத்தனை வருசமா?"

"மக மலையேறிப் போனதுல இருந்துங்க."

ஓஸ் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. நாச்சிமுத்து பல்லைக் கடித்து இழுத்தார்.

"இழுக்காதீங்க. திருகி விடுங்க. முதல்ல அசையட்டும்."

அசைந்தது. பிறகு வந்தது. ஃபேனைக் கழற்றி, நான்கு போல்ட்டையும் எடுத்து, இருவருமாக ரேடியேட்டரைத் தூக்கி வெளியே வைத்தார்கள். குடிலம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மேல்வாயில் ஊற்றினார். கீழ்வாய் வழியாக ஒன்றும் வரவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு சொட்டு வந்தது.

"ஒழுக்கு நின்னுருக்குது" என்றார் குடிலம்மா. "ஓட்டமும் நின்னுருக்குது."

"பொள்ளாச்சிக்கு வாராவாரம் போயிட்டுத்தானுங்க வர்றன்? ஒண்ணும் ஆகலியே."

"சமதளத்துக்குத் தாங்கும்."

நாச்சிமுத்து பழைய ரேடியேட்டரைச் சுவரோரமாகச் சாய்த்துவைத்தார். அதன் பக்கம் மறுபடி பார்க்கவில்லை.

புதியதைப் பொருத்துவதில் வெயில் ஏறிவிட்டது. ஒரு போல்ட்டைக் கீழே போட்டுத் தேடினார். ஒரு கிளாம்ப்பைத் தலைகீழாக மாட்டினார். குடிலம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே தவிர ஒன்றையும் தொடவில்லை. கூலன்ட்டையும் பேட்டரித் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னார். வழக்கம்போல் போர் குழாய்ப் பக்கம் வாளியோடு நடந்தவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"உப்புத் தண்ணி வேண்டாம். திரும்ப அடைச்சுக்கும்."

நாச்சிமுத்து ஊற்றி நிரப்பினார். பேட்டரி ஒயரை மாட்டினார். மூடியைப் போடப் போனார்.

"போடாதீங்க. எஞ்சினை ஓட விடுங்க."

"தொறந்து வெச்சேவா?"

"சூடு ஏறறதுக்கு முன்னாடி தொறந்து வெச்சா பயமில்லை. உள்ள காத்து மாட்டியிருக்கும். அது தானா வரணும்."

எஞ்சின் ஓடியது. கூலன்ட் கலந்த பச்சைத் தண்ணீரில் குபுக் என்று ஒரு குமிழி வந்தது. மட்டம் இறங்கியது. நாச்சிமுத்து கொஞ்சம் ஊற்றினார். இன்னொரு குமிழி வந்தது.

"மூடிரட்டுங்களா?"

"இன்னும் இருக்குது."

இருவரும் வண்டியின் முன்னால் ஆளுக்கொரு மணை போட்டு உட்கார்ந்தார்கள். கூடத்தில் டிவி தன்பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"மகளுக்கு ஏதாச்சும் அனுப்புவீங்களா?"

"பொங்கலுக்குத் தேங்காயிங்க. பஸ்ஸுல ஏத்திவிட்டா கண்டக்டரு குடுத்துருவாரு."

"அவ என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்லமாட்டா. வெறும் சாக்கு அடுத்த பஸ்ஸுல திரும்பி வரும். தொவச்சு, மடிச்சு."

குமிழி வந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. ஒரு தடவை மூலை கிழிஞ்ச சாக்குல போட்டு அனுப்பிட்டன். அதைத் தெச்சு அனுப்பியிருந்தா."

குடிலம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். நாச்சிமுத்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெச்சா?"

"ஆமாங்க. ரெட்டைத் தையலு. அவங்கம்மா தெக்கிற மாதிரியே."

 சாக்கைத் தைத்தவளைப் பற்றி அவர் அதுவரை யோசித்ததே இல்லை. சாக்கு திரும்பி வந்துவிட்டதே என்பதுதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

மட்டம் இறங்கியது. அவர் ஊற்ற மறந்திருந்தார். குடிலம்மா கண்ணைக் காட்டியதும் ஊற்றினார்.

"போன வருசம் ஒம்பதாவது வளைவுல சூடு காட்டுற முள்ளு எங்க நின்னுச்சு?"

"சிவப்புலதானுங்க."

 எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"போன வருசம் சிவப்புக்குப் போகலீங்க" என்றார் நாச்சிமுத்து. "மழை பேஞ்சு குளிரு. மெதுவாத்தான் போனன். முள்ளு பாதியிலயே நின்னுச்சு. நாந்தான் நிறுத்துனன்."

"எதுக்கு?"

"அங்கிருந்து பாத்தா கீழ டேம் தெரியுமுங்க. வேடிக்கை பாக்குற சனமெல்லாம் குடும்பம் குடும்பமா நிக்கும். நானும் எறங்கி நின்னன். இன்னும் முப்பத்தியோரு வளைவு. அதுக்கப்பறம் ஒரு கதவு. அவ தொறந்தாலும் நான் என்ன பேசுவன்? பயமாப் போச்சுங்க. வண்டி சூடாயிருச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரும்பிட்டன்."

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இருந்ததில்லை.

குமிழிகள் நின்றிருந்தன. இருவரும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தார்கள். மட்டம் இறங்கவில்லை.

"இப்ப மூடுங்க" என்றார் குடிலம்மா.

மூடிய கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகச் சுழல ஆரம்பித்தது. ஓஸ் மாட்டிய இடங்களில் ஈரம் இல்லை. முள் பாதியில் போய் நின்றது, அதற்கு மேல் நகரவில்லை. நாச்சிமுத்து அதைக் குனிந்து பார்த்தார், எழுந்து போய்விட்டு மறுபடி வந்து பார்த்தார். ரிப்பேராக இருந்த வரை அவருக்கு அந்த வண்டி பெரிய ஆதரவாக இருந்தது. இனி அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்தார். மஞ்சள் டப்பாவை எடுத்து டேஷ்போர்டுக்குள் வைத்தார்.

"அது எதுக்கு?"

"ஒரு தைரியத்துக்குங்க."

"யாரோட டப்பா?"

"அவங்கம்மாளோடதுங்க. அடுப்படியில இருந்துச்சு."

"மக வீட்டு அடுப்படியில குடுத்துருங்க."

அவர் டப்பாவைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் வைத்திருந்தார். பிறகு டேஷ்போர்டிலிருந்து பக்கத்து சீட்டுக்கு மாற்றினார். உள்ளே போய் டிவியை அணைத்தார். வீடு திடீரென்று அமைதியானது. வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர், கார் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"இவ்வளவு தூரம் போயி, அவ கதவைத் தொறக்கலீன்னா?"

 குடிலம்மா நேற்று வாய்க்காலில் முக்கிய அந்தக் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் தோல் சுருங்கிச் சிவந்திருந்தது.

"நேத்து என்ற வாசல்ல வண்டி கொதிச்சு நின்னுச்சே. அதை விட்டுப்போட்டு பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் போகல?"

"அதெப்படிங்க விட்டுப்போட்டுப் போறது? என்ற வண்டியாச்சுங்களே."

சொல்லி முடித்தவர் பக்கத்து சீட்டில் இருந்த மஞ்சள் டப்பாவைப் பார்த்தார். 

குடிலம்மா பானெட்டை இறக்கி அழுத்தி மூடினார். கையிலிருந்த மஞ்சள் கறையைத் துடைத்துக்கொண்டார்.

"வால்பாறையில மழை ஜாஸ்தி" என்றார். "அவ தொறக்கிற வரைக்கும் வாசல்ல உக்காரும்போது நனைவீங்க. குடை எடுத்துக்கங்க."