முட்டையிடாத சேவல்

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்து மூன்று. டாக்டர் சுகந்தி, கோழி இன ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. குரு என்று சொன்னால் அந்த அம்மாள் சிரித்துவிடுவார். இவர் விடுவதாக இல்லை.

அன்று காலை அந்தப் பண்ணைக்குப் பதற்றமாகத்தான் வந்தார். வீட்டில் நாற்பது பெட்டைகள். அவற்றோடு விட ஒரு சேவல் வேண்டும். முன்பு அவரே சந்தையில் தேடிப் பிடித்த சேவலின் மகள்கள் பத்து முட்டை போட்டதும் நிறுத்திவிட்டு அடைகாக்க உட்கார்ந்துவிட்டன. இந்தத் தடவையும் அப்படி ஆனால் தன் கோழிப் பண்ணையை மூடிவிட்டு மறுபடி லாரி ஓட்டத்தான் போக வேண்டும்.

“டாக்டரம்மா, சேவல் முட்டையே போடாது. அதுகிட்ட முட்டையை எப்படிங்க பார்க்கிறது?”

“நீங்களே ஒண்ணு எடுங்கண்ணா.”

சுகந்தி, பன்னிரண்டு சேவல்கள் இருந்த அடைப்பைத் திறந்துவிட்டார்.

ஊரில் எல்லோரும் பார்ப்பது போலத்தான் இவரும் பார்த்தார். கழுத்து, கால், நிற்கிற நிலை. என்னமோ சண்டைக்கு விடப்போகிறவர் மாதிரி. குறுக்கே வந்த நோஞ்சான் ஒன்றைக் காலால் ஒதுக்கிவிட்டார். கடைசியில் மிடுக்காக நின்ற ஒரு செவலைச் சேவலைக் காட்டினார்.

சுகந்தி அதன் கால் வளையத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். அடுத்த கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே வரிசையாகப் பத்துக் கூடுகள். கோழி முட்டையிட உள்ளே போனால் கதவு தானாக விழுந்துவிடும். ஆள் வந்து திறந்து, எந்தக் கோழி போட்டது என்று முட்டையிலேயே எழுதுவார்கள். அன்று இரண்டு கதவுகள்தான் விழுந்திருந்தன.

“இதெல்லாம் யாருங்க?”

“உங்க செவலையோட கூடப் பொறந்ததுங்க.”

குழந்தைவேலுவின் முகம் வாடிவிட்டது.

அதற்கும் அடுத்த கொட்டகையில் பத்துக் கதவுகளும் மூடியிருந்தன. இடம் கிடைக்காத மூன்று கோழிகள் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தன. சுகந்தி ஒரு கதவைத் திறந்து, முட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.

“இதுகளோட அண்ணன் எதுங்க?”

“நீங்க காலால ஒதுக்கிவிட்டீங்களே, அதுதான்.”

சேவல் அடைப்புக்குத் திரும்பி வந்து பார்த்தார். மூலையில் நின்றது. வாலில் பாதி இறகு இல்லை. கூவக்கூடத் தெம்பில்லாதது போல இருந்தது.

“இத்தனையும் இவனுக்குள்ளயாங்க இருக்கு?”

“இருக்கும்னு நம்பறோம். இவனோட மகள்கள் முட்டை போட்டாத்தான் நிச்சயமாத் தெரியும்.”

“அதுக்குள்ள இவன் கிழவனாயிருவானே!”

“ஆமாங்கண்ணா.”

“தன்கிட்ட என்ன இருக்குன்னு இவனுக்கும் தெரியாதுங்களா?”

“தெரியாதுங்கண்ணா.”

குழந்தைவேலு குனிந்து, எப்போதும் போல இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து, சேவலைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

“மெதுவாத் தூக்குங்கண்ணா” என்றார் சுகந்தி. “உள்ளே எத்தனை பேர் இருக்காங்களோ.”