நடந்த பாறை

"மேடம், என் கட்டுரையில கையெழுத்துப் போட இன்னும் எத்தனை நாள் ஆகும்?"

இப்படிக் கேட்ட எனக்கு ஐம்பத்தொரு வயது. கல்லூரியில் இருபத்தாறு வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு, நீண்ட லீவு போட்டு ஆராய்ச்சிக்கு வந்தவன். என் வழிகாட்டி சகாயராணி மேடத்துக்கு முப்பத்தெட்டு. நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை சார் என்பார்.

"என்ன அவசரம் சார்?"

"கிரீன்லாந்துல என் பனியாறு போன வருஷத்தைவிட நாற்பது மீட்டர் கூடுதலா ஓடுது. இதைவிட என்ன அவசரம் வேணும்?"

எங்கள் வேலை அதுதான். செயற்கைக்கோள் ஒரே இடத்தைப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை படம் எடுக்கும். முதல் படத்தில் இருந்த பனி வெடிப்பு இரண்டாவதில் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்ப்போம். அதை வைத்து, பனி வருஷத்துக்கு எத்தனை மீட்டர் நகர்கிறது என்று சொல்லிவிடலாம்.

"பொற்கொடி அதே பனியாறு அதே வேகத்துலதான் போகுதுன்னு சொன்னாளே?"

"அதுக்குத்தான் போன வெள்ளிக்கிழமை செமினார்லயே பதில் சொல்லிட்டேனே, மேடம்."

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பொற்கொடி எங்கள் துறையில் படிக்கும் பெண், என் மகள் வயது. அவள் படம் போட்டுப் பேசி முடித்ததும் எழுந்து, "என்னம்மா, உங்க பனி மட்டும் மாத்திரை போட்டுத் தூங்குதா?" என்றேன்.

முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொற்கொடி மடிக்கணினியை மூடிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினாள். திங்கட்கிழமை, இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மேடம் என் படத்தை மேசையில் விரித்தார். பனியாற்றின் இரு கரையிலும் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். ஒரு ஓட்டையில் விரலை வைத்தார்.

"இது என்ன சார்?"

"பாறை மேடம். பனிக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற மலை. பனியைப் படிக்க வந்தவனுக்குப் பாறை எதுக்கு? வெட்டிட்டேன்."

"எப்போ வெட்டினீங்க?"

"முதல் வேலையா."

"அதைத் திரும்ப ஒட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான் சொன்னார். எரிச்சலோடு என் இடத்துக்குப் போனேன். வெட்டின பாறையை ஒட்டுவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. திரையில் பாறைகள் வந்து உட்கார்ந்தன. வேகத்தைப் பார்த்தேன்.

முப்பத்தெட்டு மீட்டர்.

அடுத்த பாறை, முப்பத்தெட்டு. அதற்கடுத்தது, முப்பத்தொன்பது. கோடிக்கணக்கான வருஷமாக அசையாத மலை, என் கணக்கில் என் பனியாற்றோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தது.

எனக்குக் காது சுட்டது. செயற்கைக்கோள் இரண்டாம் முறை வரும்போது இம்மியளவு விலகித்தான் வரும். அந்த விலகலில் படம் முழுக்க நகர்ந்த மாதிரி தெரியும். அதைப் பிடித்துக் கழிப்பதற்குத்தான் பாறை. முதல் வருஷ மாணவனுக்குக்கூட இது பாடம். நான் வெட்டி எறிந்திருந்தேன், படம் அழகாக இருக்கும் என்று.

கழித்தேன். நாற்பது மீட்டரில் இரண்டு மிஞ்சியது. அந்த இரண்டும் சும்மா, அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும்.

பொற்கொடியின் படத்தைத் திறந்தேன். அதில் ஓட்டையே இல்லை. ஒவ்வொரு பாறைக்கும் பக்கத்தில் பூஜ்யம், பூஜ்யம் என்று குறித்திருந்தாள். அன்று நான் அதைப் பார்க்கக்கூட இல்லை.

மேடத்தின் அறைக்குள் போனேன். நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

"பாறை நடக்குது, மேடம்."

"ம்."

"வெட்கமா இருக்கு. இத்தனை வருஷம் வாத்தியாரா இருந்து... நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணைப் பார்ப்பேன்?"

அவர் மேசையில் கிடந்த என் படத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"கேன்டீனுக்குக் கூப்பிட்டு, தனியா மன்னிப்புக் கேட்டுடறேன்."

"கேலி பண்ணினது கேன்டீன்லயா சார்?"



மேடம் எழுந்து, கதவில் ஒட்டியிருந்த இந்த வெள்ளிக்கிழமை செமினார் பட்டியலை எடுத்தார். மேலே இருந்த இரண்டு பெயரை அடித்தார். இரண்டாவது இடத்தில் என் பெயரை எழுதினார். பேச்சின் தலைப்பு: என் தவறு.

முதல் இடத்தில் தன் பெயரை எழுதினார். தலைப்பு அதேதான்.

"மேடம், நீங்க எதுக்கு?"

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு முன்வரிசையில முதல்ல சிரிச்சது நான்தானே சார்."